ஒற்றைப்படை வேஃபர்கள்: சார்ட்டர்ட் ஏன் பின்தங்கியது?

2009 செப்டம்பரில் சிங்கப்பூரின் சிப் தயாரிப்பு நிறுவனமான சார்ட்டர்ட் செமிகண்டக்டரை விற்கப்போகிறார்கள் என்ற செய்தி வந்த அன்று, உட்லண்ட்ஸ் எம்ஆர்டி நிலையத்துக்கு வெளியே கம்பெனி பஸ்ஸுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். இரவு ஷிஃப்ட். ஜொகூர் பாருவிலிருந்து கடற்பாலம் தாண்டி வந்தவர்கள் பாதிப் பேர், நம்மூர் ஆட்கள் மீதிப் பேர். நான் வேலை பார்த்தது சார்ட்டர்ட்டில் இல்லை, வேறொரு ஃபேபில், அதாவது சிப் ஆலையில். ஆனாலும் வரிசையில் நின்ற எல்லாருக்கும் அங்கே ஒரு தம்பியோ மச்சானோ பழைய கூட்டாளியோ இருந்தார்கள். “நல்லாத்தானே ஓடிக்கிட்டிருந்துச்சு, எதுக்கு விக்கிறாங்க?” என்று பின்னாலிருந்து ஒருவர் கேட்டார். பஸ் வந்துவிட்டது. யாரும் பதில் சொல்லவில்லை.

பல வருடம் யீல்டு இன்ஜினியராக இருந்தவன் என்ற முறையில் அந்தக் கேள்விக்கு இப்போது பதில் எழுதிப் பார்க்கிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சார்ட்டர்ட்டின் ஆட்களுக்குத் திறமையில் குறைவில்லை. இயந்திரங்களும் எல்லாரும் வாங்கும் அதே சில கம்பெனிகளிடம் வாங்கியவைதான். பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தும் வேகத்தில் அவர்கள் பின்தங்கினார்கள். அந்த வேகத்துக்குத் தீனி, ஓடுகிற வேஃபர்களின், அதாவது சிப்புகளைச் செய்யும் வட்டமான சிலிக்கன் தகடுகளின், எண்ணிக்கை. அது அவர்களிடம் கடைசிவரை போதுமான அளவு சேரவே இல்லை.

ஒரே வருடத்தில் பிறந்தவை

சிங்கப்பூருக்கு சிப் வேலை புதிதில்லை. நேஷனல் செமிகண்டக்டர், டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்றவை 1960களின் கடைசியிலேயே இங்கே அசெம்பிளி ஆலைகளைத் திறந்தன. எங்கள் அத்தை போன்ற பலர் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்துத் தங்கக் கம்பி இணைத்த காலம் அது. வேஃபரையே இங்கு செய்யும் முதல் ஃபேபை 1984இல் அங் மோ கியோவில் இத்தாலியின் எஸ்ஜிஎஸ் திறந்தது. 1987இல் சிங்கப்பூர் டெக்னாலஜீஸ் குழுமம் சார்ட்டர்ட்டைத் தொடங்கியது.

அதே 1987இல்தான் தைவானில் மாரிஸ் சாங் டிஎஸ்எம்சியைத் தொடங்கினார். சொந்தமாக சிப் வடிவமைக்காமல் பிறர் தரும் வடிவமைப்பைக் கூலிக்குச் செய்து கொடுக்கும் தொழில் அது, ஃபவுண்ட்ரி என்பார்கள். இரண்டு பக்கமும் அரசாங்கத்தின் ஆதரவு இருந்தது, படித்த இளைஞர்கள் இருந்தார்கள். சார்ட்டர்ட் 1999இல் நியூயார்க்கின் நாஸ்டாக்கிலும் சிங்கப்பூர்ப் பங்குச் சந்தையிலும் பட்டியலிடப்பட்டது. ஆனால் 2008க்குள் அதன் வருவாய் டிஎஸ்எம்சியினுடையதில் ஐந்தில் ஒரு பங்குகூட இல்லை. இருபது ஆண்டில் இந்த இடைவெளி எப்படி வந்தது என்பதுதான் விஷயம்.

கணக்கு

யீல்டு என்றால், ஒரு வேஃபரில் செய்த சிப்புகளில் வேலை செய்பவை எத்தனை விழுக்காடு என்பது. வெளியில் இருப்பவர்கள் இதைத் தரக் கட்டுப்பாடு என்று நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். இந்தத் தொழிலில் விலையே இதுதான்.

300 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு வேஃபரை எடுத்துக்கொள்வோம். சிப் ஒவ்வொன்றும் ஒரு சதுர சென்டிமீட்டர் என்றால் ஓரத்தில் வீணாவதைக் கழித்துச் சுமார் 640 சிப்புகள் வரும். ஒரு வேஃபரைச் செய்து முடிக்க 3,000 டாலர் ஆகிறது என்று வைப்போம். இது கணக்குக்காக நான் எடுத்த எண். ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சராசரியாக சிப்பையே கெடுத்துவிடும் ஒரு குறை இருந்தால், எளிய சூத்திரத்தின்படி யீல்டு ஏறத்தாழ 37 விழுக்காடு. நல்ல சிப்புகள் 235, ஒன்றின் அடக்கவிலை 12.80 டாலர். குறைகள் பாதியாகக் குறைந்தால் யீல்டு 61 விழுக்காடு, சிப்புகள் 388, அடக்கவிலை 7.70. குறை 0.2க்கு இறங்கினால் 82 விழுக்காடு, சிப்புகள் 524, அடக்கவிலை 5.70.

மூன்று பேரும் ஒரே வேஃபரைத்தான் ஓட்டுகிறார்கள். மின்சாரம், தண்ணீர், சம்பளம், இயந்திரத் தேய்மானம் எல்லாம் ஒன்று. மூன்றாமவர் சிப்பை 8 டாலருக்கு விற்றால் அவருக்கு நல்ல லாபம், இரண்டாமவருக்கு ஏதோ கொஞ்சம், முதலாமவர் விற்கும் ஒவ்வொரு சிப்பிலும் நஷ்டம். சந்தை விலையை எப்போதும் மூன்றாமவர்தான் தீர்மானிக்கிறார்.

சரி, குறையைக் குறைப்பது எப்படி? வேஃபர் நூற்றுக்கணக்கான படிகளைத் தாண்டுகிறது, புதிய தொழில்நுட்பங்களில் ஆயிரத்துக்கும் மேல். ஒவ்வொரு படியும் 99.9 விழுக்காடு சரியாக நடந்தாலும், 500 படி முடிவில் 61 விழுக்காடுதான் மிஞ்சும். 1,000 படி என்றால் 37. அதனால் எந்தப் படியில் என்ன கெடுகிறது என்று ஒவ்வொன்றாகத் தேடித் திருத்த வேண்டும். ஒரு திருத்தம் பலித்ததா என்று தெரிய அந்த வேஃபர் முழுப் பயணத்தையும் முடித்து டெஸ்டுக்கு வர வேண்டும். அதற்கு இரண்டு, மூன்று மாதம். 90 நாள் ஆகும் ஃபேபில் வருடத்துக்கு நான்கு முறை பாடம் கற்கலாம், 60 நாள் ஃபேபில் ஆறு முறை. ஒவ்வொரு முறையும் எத்தனை வேஃபரிலிருந்து தகவல் வருகிறது என்பதும் அதே அளவு முக்கியம். ஆயிரத்தில் ஒரு தடவை நடக்கும் பிழையை நூறு வேஃபரில் பார்க்க முடியாது.

இரண்டரை மணி

இது எவ்வளவு சின்ன விஷயத்தில் தொங்குகிறது என்று காட்ட ஒரு சம்பவம். நான் அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஒரு தயாரிப்பின் யீல்டு மூன்று வாரமாக நான்கு, ஐந்து புள்ளி கீழேயே நின்றது. கூட்டத்துக்கு மேல் கூட்டம். படலத்தை அரித்தெடுக்கும் எட்ச் ஆட்கள், ஒளியால் வடிவம் வரையும் லித்தோவைக் கை காட்டினார்கள், லித்தோ ஆட்கள் எட்சைக் கை காட்டினார்கள்.

ஓர் இரவு இரண்டரை மணி இருக்கும். கிளீன்ரூமுக்கு வெளியே இருந்த கம்ப்யூட்டரில் டெஸ்ட் மேப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேஃபர் மேப் என்பது வட்டமான ஒரு படம். நல்ல சிப் பச்சை, கெட்டது சிவப்பு. அடியில் நாட்ச் என்ற சின்ன வெட்டு இருக்கும், அதை ஆறு மணி என்று வைத்துக் கடிகாரம்போல் இடம் சொல்வோம். இருபது வருட அனுபவமுள்ள ஒரு டெக்னீஷியன் அக்கா, தினமும் ஜொகூரின் ஸ்கூடாயிலிருந்து வருபவர், என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

“தம்பி, எட்டு மணி பக்கத்துல பாருங்க. ஓரமா சின்னதா ஒரு வளைவு.”

“எல்லா வேஃபர்லயும் இல்லையே அக்கா. பாதியில இருக்கு, பாதியில இல்ல. தற்செயலா இருக்கும்னு விட்டுட்டேன்.”

“எந்தப் பாதி?”

நான் அப்படி யோசித்ததே இல்லை. ஒரு பெட்டியில் 25 வேஃபர் இருக்கும். அவர் ஒரு பழைய ரன் ஷீட்டின் பின்பக்கத்தில் 1 முதல் 25 வரை எழுதினார். நான் மேப்பைப் பார்த்துச் சொல்லச் சொல்ல அவர் வட்டம் போட்டார். 1, 3, 5, 7, 9. பதினேழு வரை வந்ததும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். எல்லாம் ஒற்றைப்படை.

ஓர் இயந்திரத்தின் ரோபோவுக்கு இரண்டு கைகள். ஒன்று ஒற்றைப்படை வேஃபர்களை எடுக்கும், மற்றது இரட்டைப்படை வேஃபர்களை. முதல் கை ஒரு மயிரிழை இறங்கியிருந்தது. வேஃபரை வாங்கும்போது ஓரத்தை லேசாக உரசியது. அந்த உரசலில் கிளம்பிய துகள்தான் எட்டு மணி வளைவு. விடியும் முன் இயந்திரத்தை நிறுத்தி, கையை நிமிர்த்தி, சரிபார்க்க வேஃபர் ஓட்டினோம். இரண்டு ஷிஃப்ட் கழித்து லைனுக்குத் திரும்பியது. மூன்று வாரம் அந்த இயந்திரம் வழியாகப் போன எல்லாப் பெட்டியிலும் நஷ்டம். எனக்கு அதைவிட உறுத்தியது வேறு. அந்த மேப்புகள் முதல் வாரத்திலேயே எங்கள் கையில் இருந்தன.

அன்று முதல் இரண்டு நிறுவனங்களின் போட்டியைப் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு முதலில் தோன்றும் கேள்வி, அவர்களுடைய ஒற்றைப்படை வேஃபரை அவர்கள் எத்தனை நாளில் கண்டுபிடிக்கிறார்கள் என்பதுதான்.

தாமிரம் வந்தபோது

2000ஐ ஒட்டிய ஆண்டுகள்தான் ஃபவுண்ட்ரி தொழிலின் தலையெழுத்தை மாற்றியவை. சிப் தொழில்நுட்பத்தின் தலைமுறைகளை மைக்ரான், நானோமீட்டர் அளவில் சொல்வார்கள், எண் சிறிதாகச் சிறிதாகத் தலைமுறை புதிது. 0.13 மைக்ரான் தலைமுறையில் சிப்புக்குள் ஓடும் கம்பிகள் அலுமினியத்திலிருந்து தாமிரத்துக்கு மாறின. தாமிரம் பொல்லாதது. சிலிக்கனுக்குள் ஊடுருவினால் சிப் செத்துவிடும். அதை எட்ச் செய்து வடிவம் எடுக்க முடியாது, பள்ளம் வெட்டி நிரப்பி மேலே மழிக்க வேண்டும். எல்லாருக்கும் அது புது வித்தை.

தைவானின் இன்னொரு ஃபவுண்ட்ரியான யூஎம்சி ஐபிஎம்மோடும் இன்ஃபினியனோடும் கூட்டுச் சேர்ந்து அதை வாங்கிக்கொள்ளப் பார்த்தது. டிஎஸ்எம்சி சொந்தமாகவே செய்வது என்று முடிவெடுத்தது. சொந்தமாகச் செய்தவர்களுக்குப் பிழை எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரிந்திருந்தது. முதலில் உற்பத்திக்கு வந்ததும் அவர்கள்தான். அதுவரை தோளோடு தோள் நின்ற இரண்டு நிறுவனங்களுக்கும் இடையே அங்கே விழுந்த விரிசல் பிறகு மூடவே இல்லை.

சார்ட்டர்ட்டுக்கு அந்த ஆண்டுகள் இன்னும் கொடுமையானவை. முதலில் அமெரிக்காவின் லூசென்ட்டோடு, அதன் சிப் பிரிவு அகியர் என்று தனி நிறுவனம் ஆனதும் அதோடு தொழில்நுட்ப உறவு. பிறகு 2002இல் 90 நானோமீட்டருக்காக ஐபிஎம்மோடு. நடுவில் 2001இல் டாட்காம் குமிழி உடைந்து தொலைத்தொடர்பு வாடிக்கையாளர்களின் ஆர்டர் வற்றியது. 2001, 2002, 2003 என்று மூன்று ஆண்டும் நஷ்டம். 2004இல் முதல் ஃபேபை மூடினார்கள்.

காலியான ஃபேப் எவ்வளவு கனமான சுமை என்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். இயந்திரத்தின் விலையைப் பொதுவாக ஐந்திலிருந்து எட்டு ஆண்டுக்குள் கணக்கில் எழுதித் தீர்க்கிறார்கள். வேஃபர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் அந்தத் தேய்மானம் ஓடும். குளிரூட்டலையும் காற்று வடிகட்டலையும் நிறுத்த முடியாது. கூட்டமில்லாததால் ஒரு பெட்டி சீக்கிரம் வெளியே வரும், அது உண்மை. ஆனால் பாடம் சொல்ல வேண்டிய பெட்டிகளே குறைவு. நிரம்பிய ஃபேபில் வேறு சிக்கல்: ஒவ்வொரு இயந்திரத்தின் முன்னாலும் வரிசை நின்று பயண நேரம் நீண்டுவிடும். இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்று தீர்மானிப்பதுதான் ஃபேப் நடத்தும் கலை. சார்ட்டர்ட்டுக்கு அந்தத் தீர்மானத்தைச் சந்தையே எடுத்துவிட்டது.

ஏஎம்டியின் இரண்டாவது கை

நல்ல காலமும் வந்தது. உட்லண்ட்ஸில் ஃபேப் 7, அவர்களுடைய முதல் 300 மில்லிமீட்டர் ஃபேப், 2005இல் வணிக உற்பத்தியைத் தொடங்கியது. 200 மில்லிமீட்டர் வேஃபரைவிடப் பரப்பு 2.25 மடங்கு. ஐபிஎம் வழியாக மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் 360 சிப் வந்தது. கணினி ப்ராசஸர் செய்யும் ஏஎம்டியும், தன் ஃபேபுக்கு மேல் கூடுதல் உற்பத்திக்காக, வந்தது.

அந்த ஏஎம்டி ஒப்பந்தம் இந்த ஆய்வுக்கு மிகவும் பொருத்தமானது. இன்டெலோடு மோதிய ஏஎம்டிக்கு நல்ல வடிவமைப்பு இருந்தது, அதன் ஆப்டிரான் ப்ராசஸர் சர்வர்களில் இடம்பிடித்தது. ஃபேப் மட்டும் ஜெர்மனியின் டிரெஸ்டனில்தான். இன்டெலிடமோ பல ஃபேபுகள், அதோடு ‘அப்படியே நகலெடு’ என்ற கொள்கை. ஒரு ஃபேபில் பலித்த முறையைக் குழாயின் நீளம் வரைக்கும் மாற்றாமல் அடுத்த ஃபேபில் நிறுவுவார்கள். ஓரிடத்தில் கற்ற பாடம் எல்லா இடத்துக்கும் அன்றே போகும்.

ஏஎம்டி தன் பாடத்தைத் தன் மென்பொருளிலேயே வைத்திருந்தது. ஏபிஎம் என்ற தானியங்கி உற்பத்திக் கட்டுப்பாட்டு முறை அது. முந்தைய படியின் அளவைப் பார்த்து அடுத்த படியின் அமைப்பை வேஃபருக்கு வேஃபர் தானே திருத்தும். ஃபேப் 7இல் ஏஎம்டி சிப் ஓடுவதற்கு அதன் பகுதிகளைச் சார்ட்டர்ட்டும் ஏற்றுக்கொண்டது. 2006இல் உட்லண்ட்ஸில் செய்த ஏஎம்டி ப்ராசஸர்கள் வெளியே போயின. நம் ஊரில் அதி நவீன ப்ராசஸர் செய்தார்கள் என்பதில் இன்றைக்கும் எனக்குப் பெருமைதான்.

ஆனால் அதே 2006இல் இன்டெல் கோர் 2 வந்தது. இன்டெல் 65 நானோமீட்டரில் ஒரு வருடம் முந்தியிருந்தது, 45இலும் ஒரு வருடம் முந்தியது. ஒரே வேஃபரில் அதிக சிப் எடுப்பவன் விலையை இறக்கினால் மற்றவன் என்ன செய்வான்? 2007, 2008 இரண்டு ஆண்டிலும் ஏஎம்டியின் நஷ்டம் தலா 3 பில்லியன் டாலரைத் தாண்டியது. கிராஃபிக்ஸ் சிப் நிறுவனமான ஏடிஐயை 5.4 பில்லியனுக்கு வாங்கிய சுமையும் அதில் உண்டு, எல்லாப் பழியையும் ஃபேபின் மேல் போட முடியாது. 2009 மார்ச்சில் ஏஎம்டி தன் ஃபேபுகளைப் பிரித்து, அபுதாபி அரசின் முதலீட்டு நிறுவனமான ஏடிஐசியின் பணத்தில் குளோபல்ஃபவுண்ட்ரீஸ் ஆக்கியது. முதன்மை ஃபேபையே கைவிட்ட வாடிக்கையாளருக்கு இரண்டாவது கையாக இருப்பதில் என்ன நம்பிக்கை மிஞ்சும்?

2009

அந்த ஆண்டை மட்டும் தனியாகப் பார்க்க வேண்டும். நிதி நெருக்கடி. எல்லா ஃபேபிலும் ஆர்டர் சரிந்தது. சார்ட்டர்ட்டில் 62 விழுக்காட்டுப் பங்கு வைத்திருந்த, சிங்கப்பூர் அரசின் முதலீட்டு நிறுவனமான தெமாசெக் முன்னால் இருந்தது கடினமான கேள்வி: அடுத்தடுத்த தலைமுறைகளுக்கு வேண்டிய பில்லியன்களைப் போட்டுக்கொண்டே இருப்பதா? செப்டம்பரில் ஏடிஐசி வந்தது. மொத்த விலை சுமார் 2.5 பில்லியன் சிங்கப்பூர் வெள்ளி, அமெரிக்க டாலரில் சுமார் 1.8 பில்லியன். ஐந்து 200 மில்லிமீட்டர் ஃபேப், ஒரு 300 மில்லிமீட்டர் ஃபேப். ஆண்டு முடியும் முன் கைமாறியது, 2010இல் குளோபல்ஃபவுண்ட்ரீஸோடு இணைந்தது.

தைவானில் அதே 2009 ஜூனில் மாரிஸ் சாங் 77 வயதில் மறுபடி தலைமை நிர்வாகியானார். மற்றவர்கள் செலவைச் சுருக்கிய நேரத்தில் முதலீட்டை உயர்த்தினார். 2010இல் டிஎஸ்எம்சி போட்ட மூலதனம் ஏறத்தாழ 5.9 பில்லியன் அமெரிக்க டாலர், சார்ட்டர்ட்டின் விற்பனை விலையைப்போல் மூன்று மடங்கு.

டிஎஸ்எம்சிக்கும் அப்போது யீல்டு பிரச்சினை இருந்தது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். அவர்களுடைய 40 நானோமீட்டர் 2009 முழுக்கத் தடுமாறியது, கிராஃபிக்ஸ் சிப்புக்குத் தட்டுப்பாடு வந்தது. காரணம் சேம்பர் மேட்சிங் என்றார்கள். இயந்திரங்களுக்குள் வேஃபரைப் பதப்படுத்தும், ஒரே மாதிரி இருக்க வேண்டிய அறைகள் ஒன்றுக்கொன்று சற்றே வேறாக நடந்துகொண்டன. எங்கள் ஒற்றைப்படை வேஃபரின் பெரியண்ணன்தான் அது. ஆனால் அவர்களிடம் வேஃபர் குவிந்திருந்தது, வாடிக்கையாளர்களுக்கு ஓட வேறு இடமும் இல்லை. 2010 தொடக்கத்தில் சரிசெய்துவிட்டார்கள். ஆர்டர் மெலிந்த ஒரு ஃபேபில் இதே பிழை வந்திருந்தால் அதைக் கண்டுபிடிக்கும் முன் வாடிக்கையாளர் போயிருப்பார்.

பெரியவர்களும் சறுக்கியது

ஆள்பலமும் பணமும் மட்டும் போதும் என்று இதிலிருந்து யாராவது எடுத்துக்கொண்டால் இன்டெலைப் பார்க்க வேண்டும். அவர்களுடைய 10 நானோமீட்டர் 2016 வாக்கில் வர வேண்டியது, கடைகளில் தாராளமாகக் கிடைக்க 2019 ஆனது. ஒரே தாவலில் 2.7 மடங்கு அடர்த்தி என்று இலக்கு வைத்தார்கள். அதைப் பழைய ஒளியை வைத்துக்கொண்டே ஒரே படலத்தைப் பல முறை வரைந்து எட்டப் பார்த்தார்கள். படி கூடியது, ஒவ்வொரு படியும் யீல்டைத் தின்றது. 2020 ஜூலையில் அடுத்த தலைமுறையின் யீல்டும் திட்டத்தைவிட ஒரு வருடம் பின்தங்கியிருக்கிறது என்று அறிவித்தபோது ஒரே நாளில் பங்கு விலை ஆறில் ஒரு பங்கு சரிந்தது.

ஏஎம்டி அந்த இடைவெளியில் செய்தது, எனக்கு மிகவும் பிடித்த பொறியியல் முடிவுகளில் ஒன்று. மேலே போட்ட கணக்கையே திரும்ப எடுங்கள். நான்கு சதுர சென்டிமீட்டர் பெரிய சிப் என்றால் ஒரு வேஃபரில் சுமார் 143. குறை 0.5 என்றால் சூத்திரப்படி நல்லது 19 மட்டும். அதையே ஒரு சென்டிமீட்டர் துண்டுகளாகச் செய்து நல்லதைப் பொறுக்கி நான்கு நான்காக இணைத்தால் 97 கிடைக்கும். நிஜத்தில் குறைகள் கூட்டமாக ஓரிடத்தில் விழுவதால் பெரிய சிப்புக்கு நிலைமை இவ்வளவு மோசமாக இருக்காது. என்றாலும் திசை இதுதான். 2019இல் வந்த ஏஎம்டியின் எபிக் சர்வர் ப்ராசஸரில் 74 சதுர மில்லிமீட்டர் அளவில் எட்டுக் கணிப்புத் துண்டுகள், டிஎஸ்எம்சியின் 7 நானோமீட்டரில் செய்தவை. நடுவில் உள்ள இணைப்புத் துண்டு குளோபல்ஃபவுண்ட்ரீஸின் பழைய 14 நானோமீட்டரில். புதிய ஃபேபின் யீல்டு இன்னும் தேறாத நேரத்தில் விலையுயர்ந்த இடத்தை எப்படிச் சிக்கனமாகச் செலவழிப்பது என்று யோசித்த வடிவமைப்பு அது.

உட்லண்ட்ஸ் இப்போது

குளோபல்ஃபவுண்ட்ரீஸ் 2018 ஆகஸ்ட்டில் 7 நானோமீட்டர் முயற்சியைக் கைவிட்டது. அதைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. இங்கிருந்து பார்த்தால் எனக்கு அப்படித் தெரியவில்லை. முன்வரிசை ஓட்டத்தை விட்டவர்கள் கார், கைத்தொலைபேசி வானொலிப் பகுதி, மின்சாரக் கட்டுப்பாடு போன்ற சிப்புகளில் யீல்டையும் இயந்திரப் பயன்பாட்டையும் மெருகேற்றுகிறார்கள். 2023 செப்டம்பரில் அவர்கள் இங்கே 4 பில்லியன் அமெரிக்க டாலரில் விரிவாக்கத்தைத் திறந்தார்கள், ஆண்டுக்கு 450,000 வேஃபர் கூடுதல் கொள்ளளவு. பாசிர் ரிஸ்ஸில் யூஎம்சியின் புதிய கட்டம் 2025 ஏப்ரலில் திறந்தது, 22, 28 நானோமீட்டருக்கு. தைவானின் வேன்கார்டும் நெதர்லாந்தின் என்எக்ஸ்பியும் சேர்ந்து தெம்பனிஸில் 7.8 பில்லியன் அமெரிக்க டாலரில் கட்டும் ஃபேப் 2027இல் உற்பத்தி தொடங்குவதாகத் திட்டம்.

இவை எல்லாமே பழகிய தலைமுறைகள். இங்கே யாரும் தொழில்நுட்பத்தில் ஒரு வருடம் முந்த முடியாது. சீனாவிலும் தைவானிலும் அதே சிப்பைச் செய்கிறார்கள், நிலமும் ஆளும் நம்மைவிட மலிவு. நமக்கு அரசு செய்துகொடுத்த சில அனுகூலங்கள் உண்டு. 2003 முதல் வரும் புதுநீர், கழிவுநீரைச் சுத்திகரித்துச் செய்வது, அதில் ஒன்று. குடிநீரைவிடத் தூய்மையான அந்த நீரைத் தொடக்கத்திலிருந்தே வேஃபர் ஆலைகள்தான் அதிகம் வாங்கின, ஏனென்றால் அதிலிருந்து மிகத் தூய நீர் செய்வது எளிது. மற்றபடி மிச்சமிருப்பது யீல்டு, பயண நேரம், இயந்திரம் நிற்காமல் ஓடும் மணிக்கணக்கு.

என் அண்ணன் மகள் இப்போது ஒரு ஃபேபில் யீல்டு பிரிவில் இருக்கிறாள். தீபாவளிக்கு வீட்டுக்கு வந்தபோது அந்த எட்டு மணி வளைவுக் கதையைச் சொன்னேன். அவள் வேலையில் இப்போது மென்பொருளே ஒவ்வொரு வேஃபரும் எந்த இயந்திரம், எந்த அறை, எந்த ரோபோக் கை வழியாகப் போனது என்று பிரித்து, சந்தேகப்பட வேண்டியதைச் சில நிமிடத்தில் வரிசைப்படுத்திவிடுமாம். முறுக்கைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தாள்.

“அப்போ நீங்க கையாலயா வட்டம் போட்டீங்க, சித்தப்பா?”

“அந்த அக்காதான் போட்டாங்க. நான் நம்பர் சொன்னேன்.”

“அவங்க பதினேழோட நிறுத்திட்டாங்கன்னு சொன்னீங்களே. மீதி எட்டையும் பார்த்தீங்களா?”

பார்த்தோம். 19, 21, 23, 25.